எங்கள் சந்து உயர்ந்த கதை

கணபதி என்கிற ஊரில் எங்கள் சந்துக்குள் புதிதாக யார் வந்தாலும் கடைசி வரை நடந்துபோய் நின்று ஒரு கேள்வி கேட்பார்கள். இடத்துக்கு அடித்துக்கொள்கிற ஊரில், நட்டநடுவில், இப்படி ஒரு கரிய மண்மேடு எதற்குங்க சும்மா கிடக்கிறது? கேட்பதில் நியாயம் இருக்கிறது. மேட்டின் மேல் வேலிக்காத்தான் முளைத்திருக்கிறது. நாய் குட்டி போடுவது அங்கேதான். அக்கம்பக்கத்துக் குப்பைப் பைகள் வந்து விழுவதும் அங்கேதான். இந்தக் கேள்வி வந்தால் அப்பா காது கேட்காதவர் மாதிரி உள்ளே போய்விடுவார். அம்மா, "அது ஒரு வெவகாரத்துல கெடக்குதுங்க" என்று சொல்லிவிட்டுக் காப்பி போடப் போவாள். இரண்டு பேரும் சொல்லாததை நான் சொல்கிறேன். அந்த மண்ணுக்கு அடியில் என் அத்தையின் வீடு இருக்கிறது.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. அப்பாரு, அதாவது அப்பாவைப் பெற்றவர், சாவதற்கு முன்னால் தன் இடத்தை மூன்றாகப் பிரித்துக் கொடுத்தார். மெயின் ரோட்டிலிருந்து சந்துக்குள் நுழைந்ததும் பெரியப்பா வீடு, அடுத்தது எங்கள் வீடு, கடைசியில் அத்தை வீடு. அதற்கப்புறம் ஒரு குடோனின் காம்பவுண்டுச் சுவர், சந்து முடிந்தது. பெண்ணுக்கும் பங்கு கொடுத்தார் பாருங்கள் என்று சொந்தபந்தமெல்லாம் அப்பாருவைப் புகழ்ந்தார்களாம். கொடுத்தது பள்ளக்கடைசியை என்று யாரும் வாயைத் திறக்கவில்லை. சந்து ரோட்டிலிருந்து உள்ளே சரிந்துகொண்டே போகும். ஆனாலும் அந்த மனுஷருக்குக் கொஞ்சம் யோசனை இருந்திருக்கிறது. பெரியப்பா இடத்துக்கும் எங்கள் இடத்துக்கும் நடுவில் ஓர் ஆள் நடந்துபோகிற அகலத்துக்கு வழி விட்டிருந்தார். ரோட்டிலிருந்து வருகிற மழைத்தண்ணீர் அந்த வழியில் திரும்பிப் பின்னாலிருக்கும் பள்ளத்துக்கு ஓடிவிடும். அத்தை வாசலுக்கு வராது.

அப்போதெல்லாம் எல்லோரும் ஒன்றுக்குள் ஒன்றாக இருந்தோம் என்று கதை விட எனக்கு இஷ்டமில்லை. எரிச்சல் அப்போதும் இருந்தது. காட்டுவதற்கு வசதி இல்லை, அவ்வளவுதான். மூன்று வீடும் ஓட்டு வீடு, மூன்று வாசலும் சந்தோடு ஒட்டிய வாசல். காலைத் தூக்கி வைக்காமலே ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகலாம்.

அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து லேத் பட்டறை வைத்திருந்தார்கள். மோட்டார் பம்புக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கிற வேலை. நான் இரண்டாவது படிக்கும்போது பிரிந்தார்கள். பெரியப்பா கம்ப்யூட்டர் மெஷின் போட்டார், ஆர்டர் மேல் ஆர்டர் வந்தது, கார் வந்தது. அப்புறம் ஓட்டு வீட்டை இடித்துவிட்டு மாடி வீடு. அதுவும் தரையோடு தரையாக இல்லை, நன்றாக உயர்த்தி, வாசலுக்குப் படி வைத்து. உயர்த்துவதற்கு எங்கள் ஊரில் மண்ணுக்குப் பஞ்சமே கிடையாது. பவுண்டரிகளில் இரும்பு வார்த்துக் கருகிப்போன மண்ணை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் திண்டாடுவார்கள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், டிப்பரில் கொண்டுவந்து சாய்த்துவிட்டுப் போவார்கள். கரியாக இருக்கும், காலில் பட்டால் இலேசில் போகாது. பெரியப்பா வீடு அந்தக் கருமண்ணின் மேல் ஏறி உட்கார்ந்தது.

அம்மாவுக்கு அன்றைக்கு எரிச்சல் பிடித்தது. அம்மாவும் பெரியம்மாவும் காலையில் அவரவர் வாசலில் நின்று பேசிக்கொள்வது வழக்கம். இப்போது பெரியம்மா படிமேல் நிற்கிறாள், அம்மா கீழே நிற்கிறாள். பெரியம்மா பாவம் எப்போதும் போலத்தான் பேசினாள். அம்மாதான் உள்ளே வந்து பாத்திரத்தை நங்கென்று வைத்து, "அண்ணாந்து பாத்துப் பேசோணும்னு எனக்கென்ன தலையெழுத்தா" என்றாள். மறுநாளிலிருந்து வாசலுக்கே போகவில்லை. அப்பா சோறு தின்னும்போதெல்லாம் இதே பேச்சு. அப்பா வாயில்லாப் பூச்சி. எங்கெங்கோ புரட்டி அவரும் வீட்டை இடித்தார்.

அஸ்திவாரம் போட்ட அன்று மேஸ்திரி உயரம் பார்க்கத் தண்ணீர் நிரப்பின ட்யூபைக் கொண்டுவந்தார். ஒரு முனையை அம்மா வாங்கிக்கொண்டு, அடுத்தவர் வீடு என்றுகூடப் பார்க்காமல், பெரியப்பா வீட்டுப் படியோரம் போய்ப் பிடித்தாள். மேஸ்திரி எங்கள் பக்கம் இன்னொரு முனையைப் பிடித்துச் சுவரில் கோடு போட்டார். "இது சரிமட்டம்ங்க" என்றார். அம்மா, "இதுக்கு மேல ஒரு படி வரட்டுங்க" என்றாள். எனக்கு ஒரே குதூகலம். நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். எதில் என்று தெரியாது.

நடுவிலிருந்த வழி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பெரியப்பா கட்டும்போது மாடிப்படிக்கு இடம் பற்றவில்லை என்று தன் பக்கத்தில் பாதியைச் சேர்த்துக்கொண்டார். அவங்க பாதி எடுத்தாங்கன்னா நாம என்ன இளிச்சவாயா என்று நாங்கள் மீதியைச் சேர்த்துக்கொண்டோம். இரண்டு சுவரும் முதுகோடு முதுகு ஒட்டி நின்றன. மிஞ்சின கருமண்ணைச் சந்து முழுக்கப் பரப்பி, பெரியப்பா காருக்கும் எங்கள் வண்டிக்கும் ஏற்றம் போட்டு, சந்தின் தரையையே உயர்த்தியாயிற்று. அத்தை வீடு இருந்த இடத்திலேயே இருந்தது. சுற்றி எல்லாம் உயர்ந்ததில் அது குழிக்குள் போய்விட்டது. முன்பு நிமிர்ந்து நுழைந்த வாசலில், சந்திலிருந்து இரண்டு எட்டு இறங்கித்தான் போக வேண்டும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இரண்டு வீட்டுக்கும் பால் காய்ச்சினது அந்த அத்தைதான். புது வீட்டில் முதல் அடுப்பைப் பற்றவைத்துப் பால் பொங்க வைக்கிற உரிமை கூடப்பிறந்தவளுக்குத்தான். அவளுக்குப் பட்டு எடுத்துக் கொடுத்து, தட்டம் வைத்து அழைக்க வேண்டும். பெரியப்பா வீட்டுக்கு மயில்கழுத்து நிறத்தில் ஒரு பட்டு. அத்தை விடிவதற்கு முன்னால் வந்து, தலையில் பூவோடு, கண்ணை மூடிக் கும்பிட்டுப் பால் காய்ச்சினாள். அடுத்த வருஷம் எங்கள் வீட்டுக்கு. அம்மா அதே ஜவுளிக் கடைக்குப் போய், முந்தின பட்டை விசாரித்து, அதைவிடக் கரை பெரிதாக, சரிகை கனமாக அரக்கு நிறத்தில் ஒன்று எடுத்தாள். பெரியம்மா முன்னால் வைத்துத்தான் கொடுத்தாள். பெரியம்மாவின் முகம் கறுத்தது. அன்றோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது.

அன்றைக்குப் பால் பொங்கி முடிந்த பிறகு அத்தை எங்கள் புது வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். நான் பக்கத்தில் போனேன். "ஏங்கண்ணு, இவடத்துல இருந்து பாத்தா எங்கூடு தெரியுதா?" என்றாள். நான் எட்டிப் பார்த்து, "ஓடு மட்டுமில்லீங்கத்தை, உங்க அடுப்படி வரைக்கும் தெரியுதுங்க" என்றேன், பெருமையாக. அத்தை என் கன்னத்தைத் தட்டிவிட்டுச் சாப்பிடப் போனாள்.

அத்தை மாவு அரைத்து விற்றாள். இட்லி மாவு. மாமாவுக்கு மில் வேலை போன பிறகு ஆரம்பித்தது. முன்னறையில் பெரிய கிரைண்டர்கள், வரிசையாக மாவு டிரம்கள். விடிந்தால் நாலு தெரு ஆட்கள் தூக்குப்போசியோடு எங்கள் சந்துக்குள் வந்துவிடுவார்கள். மாவு பதமாகப் புளித்திருக்கிறதா, உப்பு சரியா என்று பார்க்க அத்தை முதலில் ஒரு தோசை ஊற்றுவாள். அந்தத் தோசை என்னுடையது. பள்ளிக்கூடம் போகும் முன் வாசலில் போய் நின்றால் போதும், கேட்காமலே கைக்கு வரும். ஹாஸ்டலில் தங்கிப் படித்த அத்தை மகனுக்கு அந்த மாவுதான் சோறு போட்டது.

அந்த மாவும் கண்ணை உறுத்தியது. கார் வைத்திருந்த பெரியம்மாவுக்கும் உறுத்தியது, மாடி வைத்திருந்த அம்மாவுக்கும் உறுத்தியது. பள்ளத்தில் இருக்கிறவளுக்கு வாசலில் கூட்டம், மேட்டில் இருக்கிற எங்களை எட்டிப் பார்க்க நாதியில்லை. அத்தை ஒரு பழைய ஸ்கூட்டி வாங்கினாள், அவ்வளவுதான். "மாவு வித்தே நம்மளையெல்லாம் முழுங்கிருவா பாருங்க" என்று அம்மா அப்பாவிடம் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. என்னமோ அத்தை எங்கள் வீட்டு அரிசியைத் திருடி அரைத்த மாதிரி.

முதல் மழைக்கே தண்ணீர் அத்தை வாசலைத் தொட்டுவிட்டுப் போயிற்று. அத்தை பயந்துபோய் இரண்டு அண்ணன்களிடமும் வந்தாள். நடுவிலிருந்த பழைய வழியில் அடியோடு ஒரு குழாயாவது விடுங்க, தண்ணி பின்னால போயிரட்டும் என்று கேட்டாள். இரண்டு சுவரையும் கொஞ்சம் கொத்த வேண்டும், அதுதான் சங்கதி. பெரியப்பா, தம்பி முதலில் கொத்தட்டும் என்றார். அப்பா, அண்ணன் ஒத்துக்கொண்டால் தனக்கு ஒன்றுமில்லை என்றார். அத்தை இந்தப் படிக்கும் அந்தப் படிக்குமாக எத்தனையோ தடவை ஏறி இறங்கினாள். அவள் போன பிறகு அம்மா, "அவகிட்ட இல்லாத காசா, ஏத்திக் கட்டிக்கட்டும்" என்பாள். அங்கே பெரியம்மாவும் இதையே சொன்னாளாம். பேசிக்கொள்ளாத இரண்டு பேருக்கு எப்படித்தான் ஒரே வார்த்தை வாயில் வந்ததோ.

ஐப்பசி வந்தது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பிடித்த மழை, வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றியது. மெயின் ரோட்டுத் தண்ணீரெல்லாம் எங்கள் சந்துக்குள் திரும்பி, கருமண்ணைக் கரைத்துக்கொண்டு, மசி மாதிரி ஓடியது. அத்தை வீட்டு வாசலில் மாமாவும் அத்தையும் சாக்குகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். சாக்கு தீர்ந்தது. பாய், போர்வை, பழைய துணி எல்லாம் வந்தது. மாமா குண்டாவை வைத்து உள்ளே வந்த தண்ணீரை வெளியே இறைத்தார். அவர் இறைக்க இறைக்க அது திரும்ப உள்ளே போனது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, இரட்டிப்பு மாவு போகிற நாள். டிரம்கள் நிறைய அரைத்து வைத்திருந்தாள். கிரைண்டர்கள் எல்லாம் தரையில் நின்றன.

நாங்கள் எங்கள் படியில் நின்று பார்த்தோம். பெரியப்பா வீட்டார் அவர்கள் படியில் நின்று பார்த்தார்கள். அப்பா வேட்டியை மடித்துக் கட்டினார். அம்மா அவர் கையைப் பிடித்தாள். "ஏனுங்க, அவங்க எறங்குனாங்களா பாருங்க. நீங்க மொதல்ல எறங்குனா தப்பெல்லாம் நம்மளுதுன்னு ஆயிப்போகும்" என்றாள். அப்பா பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பாவும் வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார், அவரும் அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இவர் இறங்கட்டும் என்று அவர், அவர் இறங்கட்டும் என்று இவர். இரண்டு ஆண்பிள்ளைகள் குடையைப் பிடித்துக்கொண்டு, கூடப்பிறந்தவள் முழுகுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அன்றைக்கு எனக்குக் குடையில் மழை விழுகிற சத்தம் பிடித்திருந்தது.

அப்போதுதான் அத்தை உள்ளே போய் எதையோ எடுத்துக்கொண்டு வந்தாள். ஒரு கையில் மயில்கழுத்து, ஒரு கையில் அரக்கு. அந்த இரண்டு பட்டையும் அவள் ஒரு நாளும் கட்டிப் பார்த்ததில்லை. மடிப்புக் கலையாமல் பீரோவில் இருந்தவை. இரண்டையும் சேர்த்து ஒன்றாக முறுக்கி, வாசல் நிலைப்படிக்குக் கீழே, தண்ணீர் புகுகிற இடத்தில் வைத்து, காலால் மிதித்து அடைத்தாள்.

இறங்காத அம்மா இறங்கினாள். தடதடவென்று படியிறங்கி முழங்கால் தண்ணீருக்குள் நடந்தாள். அந்தப் பக்கமிருந்து பெரியம்மாவும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். இரண்டு பேரும் சந்து நடுவில் சந்தித்தார்கள்.

"பாத்தீங்களாக்கா, நாம எடுத்துக் குடுத்த பட்டை."

"பாத்தேன் அம்மணி. கால்ல போட்டு மெதிக்கறா பாரு."

ஒரு வருஷத்துக்கு மேல் பேசாதவர்கள். கையைக் கோத்துக்கொண்டு, ஒருவரையொருவர் வழுக்காமல் பிடித்துக்கொண்டு அத்தை வாசல் வரை போனார்கள். என்ன கேட்டார்கள் என்பது மழையில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. அத்தை நிமிர்ந்து பார்த்து, "வேற ஒண்ணும் கைக்குச் சிக்கலீங்க அண்ணி" என்று சொன்னது மட்டும் கேட்டது. அப்புறம் குனிந்து திரும்பவும் துணியை அழுத்தினாள். அவர்கள் இரண்டு பேரும் ஒரு கை கொடுக்காமல் திரும்பி வந்தார்கள்.

பெரியம்மா எங்கள் புது வீட்டுக்குள் பால் காய்ச்சியதற்குப் பிறகு அன்றைக்குத்தான் கால் வைத்தாள். அம்மா துண்டு எடுத்துக் கொடுத்தாள், காப்பி போட்டுக் கொடுத்தாள். இரண்டு பேரும் ஈரச் சேலையோடு ஹாலில் உட்கார்ந்து அத்தையைப் பேசினார்கள். அவளுக்கு எவ்வளவு கொழுப்பு, மாவுக் காசு தலைக்கு ஏறியதில் பிறந்த வீட்டுச் சீரைக் கால் துடைக்கிற துணியாக்கிவிட்டாளே என்று பேசினார்கள். பேசப் பேச இரண்டு முகமும் தெளிந்தது. கொஞ்ச நேரத்தில் பெரியம்மாவைத் தேடிக்கொண்டு பெரியப்பாவும் வந்தார். அப்பா நாற்காலியை நகர்த்திப் போட்டார். அம்மா வெங்காய பஜ்ஜி போட்டாள். அண்ணன் தம்பி இரண்டு பேரும் பட்டறைச் சமாச்சாரம் பேசினார்கள். வெளியே மாமா தண்ணீர் இறைக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. யாரோ எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்கள்.

தை பிறந்ததும் அத்தையும் மாமாவும் பெருந்துறைப் பக்கம் வாடகை வீட்டுக்குப் போனார்கள். மாமாவுக்கு அங்கே ஒரு கம்பெனியில் வாட்ச்மேன் வேலை. அத்தை மகன் படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போனான். அத்தை அந்த இடத்தை விற்கப் பார்த்தபோது பெரியப்பா வாங்கக்கூடாது என்று அம்மாவும், நாங்கள் வாங்கக்கூடாது என்று பெரியம்மாவும் நின்றார்கள். பஜ்ஜி தின்ற உறவு அவ்வளவு நாள்தான் தாங்கியது. வெளியாள் வந்தால் இரண்டு பேரும் சேர்ந்து தடுத்தார்கள். ஓடு சரிந்தது, சுவர் விழுந்தது. எவனோ டிப்பர்க்காரன் குழிதானே என்று கருமண்ணைக் கொட்டிவிட்டுப் போனான். அவனை யாரும் தடுக்கவில்லை. எங்கள் அப்பா இன்னொரு மாடி எழுப்பியபோது பால் காய்ச்ச அத்தைக்குத் தட்டம் கொண்டுபோனார். அத்தை தட்டத்தைத் தொடவே இல்லையாம். உடம்புக்கு முடியலீங்கண்ணா என்றாளாம்.

ஆனால் என் மனசில் நிற்பது இதெல்லாம் இல்லை. மழைக்கு மறுநாள் காலைதான். விடிந்ததும் நான் துள்ளிக்கொண்டு அத்தை வீட்டுக்கு ஓடினேன். அவளிடம் சொல்ல என்னிடம் அவ்வளவு பெரிய நல்ல சேதி இருந்தது. வாசல் முழுக்கக் கருஞ்சேறு. அதன்மேல் சாய்ந்த டிரம்களிலிருந்து மாவு வெள்ளையாக ஓடி உறைந்திருந்தது. மாமா ஒரு கிரைண்டரைக் கவிழ்த்துப் போட்டு மோட்டாரிலிருந்து தண்ணீர் வடிவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தூக்குப்போசியோடு வந்தவர்கள் மேலிருந்தே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அத்தை நிலைப்படியில் உட்கார்ந்து அந்த இரண்டு பட்டையும் பிழிந்துகொண்டிருந்தாள். ஒன்றின் சாயம் ஒன்றில் இறங்கி, எது யார் எடுத்துக் கொடுத்தது என்று தெரியவில்லை.

"அத்தை, எங்கம்மாவும் பெரியம்மாவும் பேசிட்டாங்க. நேத்து எங்கூட்டுக்கு வந்து பஜ்ஜியெல்லாம் சாப்பிட்டாங்க. உங்க சேலையாலதானுங்க அத்தை" என்றேன்.

அத்தை பிழிவதை நிறுத்தி என்னைப் பார்த்தாள். "அப்படீங்களா கண்ணு" என்றாள். "நல்லதாப் போச்சு." அப்புறம் மறுபடியும் பிழிய ஆரம்பித்தாள்.

சண்டை தீர்ந்த சேதியைக் கேட்டும் அத்தைக்கு ஏன் சந்தோஷம் வரவில்லை என்று எனக்குப் புரியவில்லை. உள்ளே அடுப்பு தண்ணீரில் கிடந்ததுகூட எனக்கு உறைக்கவில்லை. நல்ல சேதி கொண்டுவந்திருக்கிறேனே, இன்றைக்குத் தோசை நிச்சயம் என்று வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன்.